மூணாற்றில் இரண்டு நாள்

பாலக்காடும் இடுக்கியும் கேரள இராச்சியத்தின் இரு மாவட்டங்கள். ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழிகளுள் அழகியது தமிழ்நாட்டின் ஊடேதான் செல்கிறது. பாலக்காட்டில் இரயிலேறி, முதலமடையின் ஆலமரங்களைக் கடந்து, மீனாட்சிபுரத்தோடு கேரளத்திற்கு விடை கொடுத்துப் பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டையில் இறங்க வேண்டும். அங்கிருந்து மூணாற்றுப் பஸ் ஏறினால், அமராவதிக் காட்டைத் தாண்டிச் சின்னாற்றில் மறுபடியும் கேரளம் நம்மை வரவேற்கும். எல்லையை இருமுறை கடந்தும் இராச்சியம் மாறாத விந்தையான பிரயாணம் இது. பொள்ளாச்சி வழி இரயில் சில ஆண்டுகள் நின்றிருந்து, அகலப்பாதையாகி, 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதன் அருமையை நம் அன்பர்களில் பலர் இன்னும் உணரவில்லை என்பது நம் எண்ணம்.

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை அதிகாலை நாம் இவ்வழியே புறப்பட்டோம். உடன் வந்தவர் ஒரு மாணவர். இலங்கையின் மலையகத்தில் அட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, உதவித்தொகை பெற்று, கடல் கடந்து வந்து பாலக்காட்டில் பொறியியல் பயில்பவர். நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் அறிமுகமானவர். விடுதியில் தனித்திருக்கும் பிள்ளையாயிற்றே என்று நம் இல்லத்தார் அவ்வப்போது அழைத்து உணவிடுவதுண்டு. அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. கேரளத்தின் தேயிலை மலையை ஒருமுறை காண வேண்டும். கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறன்று தமிழில் நடக்கும் ஆராதனையில் கலந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒருங்கே கிட்டும் இடம் மூணாறு என்று நாம் சொன்னதுதான் தாமதம், மறுவாரமே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சின்னாறு வரையில் சொல்வதற்கு அதிகமில்லை. மலையின் மறுபுறம் மழை கொட்டும்போதும் இப்பக்கம் முள்மரமும் கள்ளியுமாகக் காய்ந்து கிடக்கும் மழை மறைவு நிலம் இது. 1984-இல் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. சாம்பல் நிற மலையணில் இங்கு உண்டென்று படித்திருந்தோம். பஸ் நம் விருப்பத்திற்காக நிற்குமா? யானைச் சாணத்தை மட்டும் சாலையில் கண்டோம். மறையூரை அடைந்ததும் காற்றின் மணமே மாறிற்று. ஒரு பக்கம் கரும்பாலைப் புகை, மறுபக்கம் வேலியிட்டுக் காவல் போட்ட சந்தனக் காடு. பாறைமேல் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பண்டைக்காலக் கல்லறைகளை இவ்வூரார் முனியறை என்கின்றனர். மறையூர், காந்தளூர் முதலான ஐந்து ஊர்களுக்கு அஞ்சுநாடு என்பது பழம் பெயர். மதுரைச் சீமையிலிருந்து வந்தவர் தங்கள் முன்னோர் என்று இங்குள்ளோர் கூறுவர். இவ்வஞ்சுநாட்டுத் தலைவராகிய கண்ணன் தேவன் என்பவர் பெயரால்தான் மேலேயுள்ள மலைகள் கண்ணன் தேவன் மலைகள் ஆயின. கடைகளில் தேயிலைப் பொட்டலத்தின் மேல் அப்பெயரைப் படிக்கும் எத்தனை பேர் அது ஒரு தமிழ்த் தலைவரின் பெயர் என்று அறிவர்?

மறையூருக்கு மேல் தேயிலை தொடங்கிவிடுகிறது. தம்பி சன்னல் ஓரத்தில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். நமக்கு அது புதுமை. அவருக்கு அது வீட்டு வாசல். நெடுநேரம் கழித்து, "இது எங்கட ஊர்தான் அண்ணே, பஸ்ஸில எழுதியிருக்கிற எழுத்து மட்டுந்தான் வேற" என்றார்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் மூணாறு என்று பெயர். ஊரின் நடுவே மூன்று குன்றுகளின் மேல் கோயிலும், தேவாலயமும், பள்ளிவாசலும் எதிரெதிரே நிற்கின்றன. அத்தேவாலயம் கத்தோலிக்கருடைய கார்மல் மாதா ஆலயம். 1898-இல் தோன்றிய அந்தப் பங்கு 2024-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. நாம் நாடி வந்ததோ வேறொரு குன்றின் மேலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் கிறிஸ்து ஆலயம். அதைப் பற்றிப் பின்னர்.

சனிக்கிழமை பிற்பகலை எதற்குச் செலவிட்டோம் என்று சொன்னால் அன்பர்கள் சிரிக்கக்கூடும். இரயிலில்லாத ஊரில் இரயிலைத் தேடினோம்! மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே 1902-இல் ஒரு பாதை போடப்பட்டது. தண்டவாளம் ஒன்றே. சிறு சக்கரங்கள் அதன்மேல் பாரத்தைத் தாங்க, பக்கத்துப் பெரிய சக்கரம் மண்ணில் உருண்டு வண்டியைச் சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலத்தில் முறையான தண்டவாளங்கள் இட்டு நீராவி எஞ்சின் ஓட்டினர். அது மாட்டுப்பட்டி வழியாக மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை சென்றது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறே கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூருக்குச் செல்லும். இவ்வளவும் 1924 ஜூலை வெள்ளத்தில் அழிந்துபட்டது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்றே இன்றும் கூறுவர். பிறகு அந்த இரயிலை எவரும் எழுப்பவில்லை. மூணாறு நிலையமாக இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பெயர் மட்டும் பஸ் பலகையில் நிற்கிறது. இரயில்வேயில் எழுத்தராகப் பணி செய்யும் நமக்கு, அந்த அலுவலகத்தின் முன் நின்றபோது வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்போல் இருந்தது.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "1924-ஆ? அந்த வருசந்தான் எங்களுக்குப் பதுளை வரைக்கும் கோச்சி வந்தது" என்றார். அவர்கள் இரயிலைக் கோச்சி என்பர். மெய்தான். கொழும்பிலிருந்து மலையேறிய பாதை 1884-இல் அட்டனையும், 1924-இல் பதுளையையும் எட்டிற்று. ஒரு மலையில் இரயில் மூழ்கிய ஆண்டில் மற்றொரு மலையில் இரயில் ஏறியிருக்கிறது. இரண்டு மலைகளுக்கும் ஆட்கள் போனது நம் தென் மாவட்டங்களிலிருந்துதான். கங்காணி முன்பணம் கொடுத்து ஊர் ஊராகத் திரட்டியவர்களில் சிலர் போடிக்கு மேலே நடந்தனர். சிலர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். எந்தக் கங்காணி வந்து அழைத்தான் என்பதைப் பொறுத்தது, பேரன் எந்த நாட்டுக் குடிமகன் என்பது.

அன்று மாலை குளிர் எலும்பைத் துளைத்தது. இராஜமலைக்குச் சென்று திரும்பும் வழியில் வரையாடுகள் சிலவற்றை வெகு அருகில் கண்டோம். மனிதரைச் சட்டை செய்யாமல் பாறையில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. எதிரே 2695 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஆனைமுடியை மேகம் மூடியிருந்தது. 2018-இல் மலர்ந்த நீலக்குறிஞ்சி இனி 2030-இல்தான் மலரும் என்று அறிந்ததும் தம்பி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அப்பொழுது பஸ்ஸில் உடனிருந்த ஒருவர் மலையின் பின்புறத்தைச் சுட்டி, "பெட்டிமுடி அந்தாப் பக்கம்" என்றார். அதன்பின் எவரும் குறிஞ்சியைப் பற்றிப் பேசவில்லை.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, பெருமழையில் மலை சரிந்து பெட்டிமுடியின் லயங்களை மூடியது. மாண்டவர் 70 பேர். தூங்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள். கயத்தாறு வட்டாரத்தைப் பூர்விகமாகக் கொண்டோர் பலர். சிலருடைய உடல் கிடைக்கவேயில்லை. கிடைத்தவர்களை இராஜமலையில் ஒருசேர அடக்கம் செய்தார்கள். தம்பி மெல்லிய குரலில், "எங்களுக்கு மீரியபெத்தை" என்றார். 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை கொஸ்லாந்தைக்கு அருகே மண் சரிந்து லயங்களை மூடிய இடம் அது. லயம் என்ற சொல் இரண்டு மலைகளிலும் ஒன்றே. கட்டடமும் ஒன்றே: ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் ஒரு குடும்பம். அதன் பின்சுவர் பெரும்பாலும் மலையை ஒட்டியே இருக்கும்.

ஞாயிறு விடிந்தது. கிறிஸ்து ஆலயக் குன்றின்மேல் ஏறும்போதே மணியோசை கேட்டது. கருங்கல் கட்டடம், பெரிதன்று. உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே காலை வெயில் விழுந்து பித்தளைத் தகடுகளை மின்னச் செய்தது. அத்தகடுகள் அனைத்தும் இம்மலையில் வாழ்ந்து மறைந்த வெள்ளைத் தோட்டக்காரர்களின் நினைவுக் குறிப்புகள்.

இவ்வாலயத்தின் வரலாறு சற்று விசித்திரமானது. வேறிடங்களில் ஆலயம் எழுந்து, பிறகு அதையொட்டிக் கல்லறைத் தோட்டம் அமையும். இங்கே கல்லறைதான் முதலில். தோட்ட நிர்வாகியாகிய ஹென்றி மேன்ஸ்ஃபீல்டு நைட் என்பவரின் இளம் மனைவி எலனர் இசபெல் மே, கணவருடன் இக்குன்றில் நின்று சுற்றியுள்ள எழிலைக் கண்டு, தாம் இறந்தால் இங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று கூறினாராம். விளையாட்டாய்ச் சொன்ன சொல் விரைவிலேயே பலித்துவிட்டது. 1894-இல் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. சொன்ன இடத்திலேயே குழி வெட்டினர். 1900-இல் அந்நிலம் கல்லறைத் தோட்டமாகத் திருநிலைப்படுத்தப்பட்டது. 1910-இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டி, 1911-இல் கட்டி முடித்தனர்.

ஆராதனை தொடங்கியது. நாம் சைவக் குடியில் பிறந்தவர். எழுவதற்கும் அமர்வதற்கும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தம்பிக்கோ அச்சங்கடம் இல்லை. அவர் பிறந்தது இலங்கையின் ஆங்கிலிக்கன் சபையில். கண்டிச் சீமையின் தோட்டத் தொழிலாளருக்கென 1854-இல் தொடங்கிய தமிழ் மிஷனின் வழிவந்த சபை அது. மூணாற்று ஆலயமும் ஆங்கிலிக்கன் மரபில் தோன்றி, 1947-இல் பல சபைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தபின் அதில் அடங்கியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடத் தொடங்கினர். 1864-இல் மறைந்த அப்புலவரின் பாட்டு எத்தனை கப்பலேறி, எத்தனை மலையேறியிருக்கிறது! தம்பி புத்தகத்தைத் திறக்கவேயில்லை. இராகம் மட்டும் ஓரிடத்தில் அவர் ஊரில் வேறு மாதிரியாம். அங்கே அவர் குரல் தனித்துக் கேட்டது. முன்வரிசையிலிருந்த பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்தனர்.

அறிவிப்புகளின்போது, புதிதாக வந்தவர்கள் எழுந்து தங்களை அறிமுகம் செய்துகொள்ளுமாறு போதகர் கேட்டார். தம்பி எழுந்து, இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்திலிருந்து வந்திருப்பதாகவும், தாய் கொழுந்து பறிப்பவர் என்றும் சொன்னார். கொழுந்து என்ற சொல்லைக் கேட்டதும் ஆலயத்தில் ஒரு சலசலப்பு.

வெளியே வந்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே நாளுக்கு எத்தனை கிலோ? கத்தரியா, கையா? கூலி என்ன? இவர்களிடம் கூலியைப் பற்றிய கேள்வி எழுவதில் வியப்பில்லை. 2015 செப்டம்பரில் இந்த மூணாற்றுச் சாலையை ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர் மறித்து அமர்ந்ததை நாடே பார்த்தது. தொழிற்சங்கத் தலைவர்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, பெம்பிளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டு ஒன்பது நாள் போராடி, கேட்ட இருபது சதவிகிதத்தைப் பெற்றனர். 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பின்னர் 301 ஆயிற்று.

முன்வரிசையில் திரும்பிப் பார்த்த பெண்களுள் ஒருவர் நம் இருவரையும் விடவில்லை. "ஏ ராசா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு வாய் காப்பி குடிக்காம போனா எப்படி?" என்று தம் லயத்திற்கு அழைத்துச் சென்றார். தேயிலைத் தோட்டத்தில் காப்பியா என்று அன்பர்கள் கேட்கலாம். அது அவர் பழக்கம், கொடுத்தது தேநீர்தான்! எந்தத் தோட்டம் என்று நாம் இங்கு எழுதவில்லை. தரை மெழுகிய, துப்புரவான அறை. சுவரில் ஒரு மகன் திருப்பூரிலும் மற்றொருவன் கோவையிலும் எடுத்துக்கொண்ட படங்கள். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவ்வம்மையாருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு.

"அப்புறம்?" என்றோம்.

"அப்புறம் என்ன, சாமான கட்டணும்" என்றார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலையிலிருந்தால்தான் லயம். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். பூர்விக ஊரில் உறவினர் உண்டே தவிர, ஓர் அடி மண் இல்லை. பூஞ்ஞாற்று அரசர் 1877-இல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு எழுதிக்கொடுத்த மலை ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது என்பது நம் நினைவுக்கு வந்தது. 1956-இல் மொழிவழி இராச்சியங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்கள் எவரைச் சேரும் என்று எவ்வளவு வழக்காடினோம்! இந்த அறை எவரைச் சேரும் என்று அன்று இரு தரப்பிலும் உரக்கக் கேட்டவர் குறைவு.

"அங்க எப்படிப்பா? ரிட்டையரானா லயத்த விட்டுப் போவணுமா?" என்று அவர் தம்பியைக் கேட்டார்.

"பெரும்பாலும் போகச் சொல்றதில்ல அம்மா. ஆனா லயம் எங்கட பேர்ல இல்ல. என்ட தாத்தாவத் தேயிலைக்குள்ளதான் புதைச்சிருக்கு. அந்த இடமும் எங்கட பேர்ல இல்ல" என்றார் தம்பி. பிறகு தம் குடும்பக் கதையைக் கூறினார். 1948-இல் சட்டம் வந்து அவர்கள் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்படிக்கைப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்று பங்கு பிரித்தனர். தாத்தாவின் தம்பி குடும்பத்தோடு இராமேசுவரம் கப்பலேறி நீலகிரிக்குப் போனார். தாத்தா போகவில்லை. எஞ்சியிருந்தோருக்கெல்லாம் 2003-இல் இலங்கைச் சட்டம் குடியுரிமை அளித்தது. இப்பொழுது இந்திய அரசின் உதவியால் மலையகத்தில் தனி வீடுகள் கட்டித் தருகிறார்கள். அவர் குடும்பத்திற்குச் சொல்லப்பட்டிருப்பது ஏழு பேர்ச்சஸ் நிலம். தம் தந்தையின் பெயரும் பட்டியலில் இருப்பதாகச் சென்ற வாரம்தான் வீட்டிலிருந்து சொன்னார்களாம். படிப்பு முடிந்து எங்கே வேலை தேடுவது என்ற கேள்வியை அது அவருக்குள் எழுப்பிவிட்டது. இரண்டு நாளாகச் சன்னலோரத்து மௌனத்தின் பொருள் நமக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

"பத்திரம் கைக்கு வந்துட்டா?" இது அந்த அம்மையார்.

"இன்னும் இல்ல."

"ஏழு பேர்ச்சுன்னா நம்ம கணக்குல எத்தன சென்ட்டு?"

இவ்விடத்தில் நம் தொழில் பயன்பட்டது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ், 100 சென்ட். ஆகவே ஏழு பேர்ச்சஸ் என்பது நாலே முக்கால் அரைக்கால் அன்று, நாலு சென்ட்டும் ஒரு சென்ட்டில் எட்டில் மூன்று பங்கும். சதுர அடியில் 1905 சொச்சம். பயணச் சீட்டின் பின்புறத்தில் போட்டுக் காட்டினோம். அவருக்கு அது போதவில்லை. கண்ணால் பார்க்க வேண்டுமென்றார். உடுமலைப் பக்கம் மூன்று சென்ட் வாங்கலாமா என்று மகன் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். மூன்று சென்ட் எவ்வளவு இருக்கும் என்று அவர் ஒருபோதும் அளந்து பார்த்ததில்லை.

ஆகவே லயத்து முற்றத்தில் இறங்கினோம். நாற்பதடிக்கு நாற்பத்தெட்டடி என்று வைத்துக்கொண்டு, தம்பி காலடியால் அளக்க, நாம் எண்ண, ஓய்வு பெற்ற கணவர் மூலைக்கு ஒரு கல்லாகக் கொண்டுவந்து வைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். இங்கே வாசற்படி, இங்கே அடுப்பு, இந்த மூலையில் ஒரு முருங்கை என்று அம்மையார் நடந்து நடந்து காட்டினார். முருங்கை மலையில் வராது என்று கணவர் சொன்னதற்கு, உடுமலையில் வருமே என்றார். முற்றம் குறுகியது. மூன்று கற்களுக்குத்தான் இடம் இருந்தது. நான்காவதை வைக்கத் தம்பி வடிகாலைத் தாண்டித் தேயிலைச் செடிகளுக்கு உள்ளே போக வேண்டியதாயிற்று. இடுப்பளவு பச்சையில் நின்று, கல்லைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "இங்க வரைக்கும் அம்மா!" என்று கூவினார்.

உடுமலை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரமே இருந்தது.